மூன்று நாளில் இறங்கிப்போகும் மோவர் டயர்: காற்று எந்த வழியாகப் போகிறது?

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின், அதாவது மோவரின், முன் டயர் ஒன்றில் காற்று அடித்தால் மூன்று நாளில் இறங்கிவிடுகிறது, முள்ளோ ஆணியோ கண்ணில் படவில்லை, மினி டிராக்டரின் பின் டயரும் இப்போது மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கிறது. உள்ளே ஊற்றினால் துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றுவதா, டியூப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மருந்தைக் கேட்கிறீர்கள், நான் முதலில் நோயைக் கேட்க வேண்டியிருக்கிறது. காற்று எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால் சீலன்டா டியூபா என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே அடிபட்டுப்போகும். பல வருஷமாகச் சின்ன இயந்திரங்களின் சக்கரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முள் குத்தாமல் மெதுவாக இறங்கும் மோவர் டயர்களில் பலவற்றுக்கு இரண்டுமே தேவைப்படாது. ரிம்மைச் சுத்தம் செய்தால் போதும், அல்லது வால்வை மாற்றினால் போதும்.

இந்தச் சின்ன டயர்கள் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கின்றன என்பதற்கு நேரான காரணம் உண்டு. கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும். மோவர் டயருக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 பிஎஸ்ஐதான். டியூப்லெஸ் டயரில் காற்றை அடைத்து வைப்பது, டயரின் உள்விளிம்பு, அதாவது பீடிங், ரிம்மில் போய் உட்காரும் அந்த ஒரு வளையக் கோடுதான். பீடிங்கை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பதோ உள்ளே இருக்கும் அதே காற்று. அழுத்தம் குறைவு என்றால் பிடிப்பும் குறைவு. கார் டயரில் அழுத்தத்திலேயே அடைபட்டுப்போகிற ஒரு துரும்பு, ஒரு துருப் பொருக்கு, இங்கே வழிவிட்டுவிடும். தவிர, உள்ளே இருக்கும் காற்றின் மொத்த அளவே கொஞ்சம். பெரிய டயரில் நாம் கவனிக்காமலே விடும் கசிவு இதில் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.

அப்புறம், உண்மையிலேயே கசிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் தட்டையாகிறது என்றால் சந்தேகமில்லை, கசிவுதான். ஆனால் டிராக்டர் டயர் மாதிரி மெல்லக் குறைகிற இடத்தில் வெப்பநிலையும் கணக்கில் வரும். 30 டிகிரி வெயிலில் 12 பிஎஸ்ஐ வைத்த டயர், 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் கசிவே இல்லாமல் கிட்டத்தட்ட 10 பிஎஸ்ஐக்கு வந்துவிடும். அதே மாதிரி ரப்பர் வழியாகவே கொஞ்சம் காற்று ஊடுருவி வெளியே போவதும் எல்லா டயருக்கும் உள்ளதுதான். மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைந்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். அளக்கும்போது கார் கேஜை நம்பாதீர்கள். அதில் 10 பிஎஸ்ஐ என்பது முள் நகர ஆரம்பிக்கிற இடம், அங்கே அது சொல்வது குத்துமதிப்பு. 20 அல்லது 30 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்தக் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன டயரில் ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும் என்பதால் சும்மா சும்மா அளப்பதையும் விடுங்கள்.

இனி கண்டுபிடிக்கும் வேலை. சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும், ஆனால் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக்கொடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது. மோவர் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். டயரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட அடியுங்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கொஞ்சம் தாராளமாகக் கலந்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி எல்லா இடமும் நனையும்படி அடியுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பெரிய பஞ்சரில் குமிழி உடனே கிளம்பும். மெதுவான கசிவில் குமிழியே வராது. ஐந்து பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ரிம் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பொடிப்பொடியான வெள்ளை நுரை, ஷேவிங் கிரீம் மாதிரி கெட்டியாக, விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற இடத்தில் நாம் அடித்த நுரை உடைந்து போயிருக்கும், அங்கே மட்டும் வளர்ந்திருக்கும். அதுதான் உங்கள் கசிவு. சாக்பீஸால் டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய பிறகு எந்த இடத்துக்கு எந்த இடம் என்று தேட வேண்டியிருக்காது.

முதலில் வால்வின் வாய், பிறகு அதன் அடிப்பகுதி, அப்புறம் இரண்டு பக்கப் பீடிங், ரிம்மின் வெல்டிங், கடைசியாகத் தரையைத் தொடும் பரப்பும் பக்கச்சுவரும் என்று நான் பார்ப்பேன். உள்பக்கப் பீடிங்கை மறந்துவிடாதீர்கள். அச்சுப் பக்கம் இருப்பதால் கண்ணில் படாது, வெட்டிய ஈரப்புல் அங்கேதான் ஒட்டிக் காய்கிறது. அடிப்பகுதியைச் சோதிக்கும்போது வால்வை விரலால் இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது கசியாத வெடிப்பு வளைக்கும்போது வாய் திறக்கும். எங்கேயும் எதுவும் தெரியவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். அதிலும் தெரியாத ஒரு வகை உண்டு: எடை ஏறித் திரும்பும்போது மட்டும் பீடிங் லேசாக விலகிக் காற்று விடும். அதை நின்ற இடத்தில் நிரூபிக்க வழியில்லை. வேலை செய்த நாளில் இறங்கி, சும்மா நின்ற நாளில் இறங்காமல் இருந்தால் அதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

வால்வில் கசிந்தால் அதிர்ஷ்டசாலி. வாயில் எச்சில் தொட்டு வைத்தாலே குமிழி தெரியும். உள்ளே இருக்கும் வால்வு பின்னை அதற்குரிய சின்னத் திருகியால் இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றிவிடுங்கள். நிறைய முறுக்க வேண்டாம், விரல் பலம் போதும். ரப்பர் வாஷர் உள்ள மூடி போடுங்கள், அதுவும் ஒரு அடைப்புதான். அடிப்பகுதி ரப்பரில் வெடிப்பு இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும்; அதற்குப் பீடிங்கின் ஒரு பக்கத்தையாவது இறக்கியாக வேண்டும்.

பெரும்பாலும் உங்கள் சோப்பு நுரை வந்து நிற்கப்போவது பீடிங்கில்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றும்போது முன் சக்கரத்தில் வாஷர்களும் லாக்கும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் என்றால், பல மோவர்களில் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புக் கீ இருக்கும். சக்கரத்தை இழுக்கும்போது அது சத்தமில்லாமல் புல்லில் விழும். அது இல்லாமல் மாட்டினால் அச்சு சுற்றும், வண்டி நகராது.

காற்றை முழுவதும் இறக்கி வால்வு பின்னையும் எடுத்த பிறகே பீடிங்கை இறக்க வேண்டும். சின்ன டயர் என்றால் சுலபம் என்று நினைப்பீர்கள். உண்மையில் கார் டயரைவிட இதுதான் படுத்தும், கால் வைத்து மிதிக்க இடமே இருக்காது. இரண்டு சி கிளாம்ப்களை ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் டயரைப் பிடிக்கும்படி வைத்து மாற்றி மாற்றி இறுக்கினால் இறங்கும். அல்லது டயரின் மேல் ரிம்மை ஒட்டி ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கனமான வண்டி ஒன்றின் அடியில் வைத்து ஜாக்கியால் அழுத்தலாம். சோப்புத் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். எண்ணெய், கிரீஸ் வேண்டவே வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். உளியையோ கூரான ஸ்க்ரூடிரைவரையோ உள்ளே விட்டு நெம்பினால் பீடிங் கிழியும், பிறகு அந்த டயரை எதுவும் காப்பாற்றாது.

இறங்கியதும் சாக்பீஸ் கோட்டுக்கு நேராக ரிம்மைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: பெயின்ட் உரிந்து அடியில் துரு கிளம்பியிருக்கும், காய்ந்த புல் பசை மாதிரி ஒட்டியிருக்கும், அல்லது கல்லில் இடித்து விளிம்பு வளைந்திருக்கும். கம்பி பிரஷால் பீடிங் உட்காரும் பரப்பை முழு வட்டமும் தேயுங்கள், கசிந்த இடத்தை மட்டும் அல்ல. விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. பிறகு உப்புத்தாள், துணி, மெல்லிய ஒரு கோட் துரு தடுக்கும் பெயின்ட். அது நன்றாகக் காயட்டும். பாதி காய்ந்த பெயின்டில் டயரை ஏற்றினால் ஒட்டிப் பிடித்து, அடுத்த தடவை கழற்றும்போது உரிந்து பழைய கதையே திரும்பும். டயரின் பீடிங்கையும் ஈரத்துணியால் துடைத்து, ஒட்டியிருக்கும் துருத்தூளை எடுங்கள். ரிம்மில் குழி விழுந்திருந்தால் பீட் சீலர் என்று கறுப்பாகக் கெட்டியாக ஒரு திரவம் கிடைக்கும். அதைப் பீடிங் உட்காரும் இடத்தில் பிரஷால் தடவிவிட்டு ஏற்றலாம். சின்னக் குழிகளை அது நிரப்பிவிடும், ஆனால் துருவின் மேல் தடவினால் துருவோடு சேர்ந்தே உரிந்துவரும். துரு ஊசி நுனி அளவுக்காவது ரிம்மைத் துளைத்திருந்தால், வேறு ரிம் பாருங்கள் என்பதே என் அபிப்பிராயம். இரண்டு பாதிகளை வெல்டிங்கில் சேர்த்த ரிம்களில் அந்த வெல்டிங் கோட்டிலும் காற்று போகும். அது சுத்தம் செய்து சரியாகிற கேஸ் இல்லை, டியூப் போடலாம். டயர் ஏறிய ரிம்மில் மட்டும் வெல்டிங் வைக்காதீர்கள். காற்றை இறக்கியிருந்தாலும் உள்ளே சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு.

திரும்ப ஏற்றும்போது அடுத்த தலைவலி: பீடிங் ரிம்மைத் தொடாமல் நிற்கும், அடிக்கிற காற்றெல்லாம் ஓரமாகவே போய்விடும். டயரின் சுற்றளவின் நடுவில் ஒரு ராட்செட் பெல்ட்டை, அதாவது கைப்பிடியை அசைத்து இறுக்கும் பட்டையை, சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்கும்போது இரண்டு விளிம்பும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். வால்வு பின் இல்லாமலே கம்ப்ரசர் காற்றை விட்டால் வேகமாகப் போகும். பிடித்துக்கொண்டதும் பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு தடவை 'டப்' என்று கேட்டால் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். எத்தனை பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி உட்கார வைக்கக்கூடாது என்பதைப் பல டயர்களில் அச்சிட்டே இருப்பார்கள். அது வந்தும் உட்காரவில்லை என்றால் இறக்கி, மறுபடி சோப்பு தடவி ஆரம்பியுங்கள். இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்ப்போம் என்பது வேண்டாம். காற்று ஏறும்போது டயரின் மேல் குனியாமல் பக்கத்தில் நில்லுங்கள், விரல் ரிம் ஓரத்தில் இருக்கக்கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்து நெருப்பு வைத்து 'டமால்' என்று ஏற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். கை போனவர்களை அந்த வீடியோவில் காட்டமாட்டார்கள்.

முள்தான் என்று தெரியவந்தால், தரையைத் தொடும் பரப்பில் குத்தியிருந்தால் மட்டும் வெளியிலிருந்து துளையை அடைக்கும் ரப்பர் திரி சொருகலாம். ஆனால் மோவர் டயரின் ரப்பர் மெல்லியது. திரியைப் பிடித்து வைப்பது ரப்பரின் தடிமன்தான் என்பதால் கார் டயரில் நிற்பதுபோல் இதில் உறுதியாக நிற்கும் என்று சொல்லமாட்டேன். டயரை எப்படியும் கழற்றுகிறீர்கள் என்றால் உள்ளிருந்து பேட்ச் ஒட்டுவது மேல். ஒட்டும் இடத்தை லேசாகச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய் மங்கும்வரை பொறுத்து, பேட்ச்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். பக்கச்சுவரில் குத்தியதற்குத் திரியும் பேட்ச்சும் நம்பத்தக்கவை அல்ல, அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. பக்கச்சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பாக இருந்து, அதற்குள்ளிருந்தே அங்கங்கே நுரை வந்தால் டயருக்கு வயதாகிவிட்டது. வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் டியூப் போட்டும் ஓட்டாதீர்கள்.

சரி, இப்போது சீலன்ட். நான் அதற்கு எதிரி இல்லை. முட்கள் நிறைந்த இடத்தில் ஓட்டுகிறவருக்கு, தரைப்பரப்பில் பல சின்னத் துளைகள் விழுகிறவருக்கு அது நல்ல வேலை செய்யும். ஆனால் அது டயர் சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கம் வீசப்பட்டுத் துளைக்குப் போய்ச் சேரும் பொருள். மோவர் போகிற வேகத்தில் பெரும்பகுதி அடியில் குளமாகவே கிடக்கும், பீடிங் வரை ஏறாது. ஊற்றியபின் சக்கரத்தைக் கிடையாகப் போட்டு, இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் பீடிங்கில் படியலாம். சிலருக்கு நின்றிருக்கிறது, சிலருக்கு இல்லை. சில வகைகள் ரிம்மில் துருவைக் கிளப்பும், துரு பிடிக்காது என்று டப்பாவில் தெளிவாக எழுதியதை வாங்குங்கள். ஊற்றிய பிறகு அளக்கும்போது வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கேஜ் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று: பின்னால் பேட்ச் ஒட்ட நினைத்தால் உள்ளே முழுக்கக் கழுவித் துடைத்தால்தான் ஒட்டும். அதனால்தான் முதல் வைத்தியமாக அதை நான் சொல்வதில்லை.

டியூப் ஒரு வகையில் எல்லாவற்றுக்கும் விடை: பீடிங், ரிம், வெல்டிங், வால்வு எதில் கசிந்தாலும் கவலையில்லை. ஆனால் முள் குத்தினால் மெதுவாக இறங்குவதற்குப் பதில் சட்டென்று இறங்கும். அளவு சரியாக இருக்க வேண்டும். 15×6.00-6 என்று டயரில் இருந்தால் வெளி விட்டம் 15 அங்குலம், அகலம் 6, ரிம் 6 அங்குலம். அதே எண்கள் உள்ள டியூபைக் கேளுங்கள். நேர் வால்வு உள்ளது டிஆர்13, வளைந்த வால்வு உள்ளது டிஆர்87. ரிம் சின்னதாக இருந்து நேர் வால்வில் காற்றுக் குழாய் நுழைய இடமில்லை என்றால் வளைந்ததை வாங்குங்கள். போடுவதற்கு முன் டயரின் உள்ளே கையைத் தடவி முள் முனை ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. ரிம்மின் வால்வு ஓட்டை ஓரத்தை அரத்தால் மழுக்குங்கள், உள்ளே டால்கம் பவுடர் தூவுங்கள். டியூபை லேசாக உப்ப வைத்து நுழைத்து, ஏற்றியபின் ஒருமுறை முழுக்கக் காற்றடித்து, இறக்கி, மறுபடி அடியுங்கள். மடிப்பு இருந்தால் அப்போது நேராகும். பிற்பாடு வால்வு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்டால், அழுத்தம் குறைந்து டயர் ரிம்மில் நழுவுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும்.

டிராக்டரின் பின் டயரை இதே கணக்கில் எடுக்காதீர்கள். அதில் முதலில் தெரிய வேண்டியது, எடைக்காக உள்ளே திரவம் நிரப்பியிருக்கிறதா என்பது. வால்வை உச்சியில் நிறுத்திக் காற்றைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள், அப்புறம் அடியில் நிறுத்தி மெல்ல அழுத்துங்கள். தண்ணீர் தெறித்தால் இருக்கிறது. வழக்கமாக முக்கால் பங்கு வரை நிரப்புவார்கள். வால்வைச் சுற்றியோ ரிம் ஓரத்திலோ வெள்ளையாக உப்புப் பூத்து எப்போதும் ஈரமாக இருந்தால் உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு கரைசலாக இருக்க வாய்ப்பு அதிகம். அது குளிரில் எளிதில் உறையாது, கனம் அதிகம், ஆனால் இரும்பைத் தின்னும், கொட்டிய இடத்தில் செடியைக் கருக்கும். கசிந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். திரவ மட்டத்துக்குக் கீழே உள்ள கசிவு ஈரமாகத் தெரியும், மேலே உள்ளது நுரையில்தான் தெரியும். அதனால் சக்கரத்தை அரைச்சுற்று நகர்த்தி இரண்டு தடவை பார்க்க வேண்டும். அழுத்தம் அளப்பதும் வால்வு உச்சியில் இருக்கும்போதுதான். அடியில் அளந்தால் திரவத்தின் எடையும் சேர்ந்துவரும், ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 1.4 பிஎஸ்ஐ.

வால்வு பின் மாற்றுவது வரை அந்த டயரில் நீங்களே செய்யலாம், வால்வை உச்சியில் வைத்துக்கொண்டு. அதற்கு மேல், திரவம் உள்ள பின் சக்கரத்தை வீட்டில் கழற்றாதீர்கள். சாய்ந்தால் ஒரு ஆளால் பிடிக்க முடியாத எடை அது. திரவத்தை இறக்கி ஏற்றும் பம்பு வைத்திருப்பவர்களிடம் விடுங்கள். விடும்போதே வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம்மில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேதான் முதலில் அரிக்கும். முன் டயரை இன்றைக்கே சோப்புத் தண்ணீரில் பாருங்கள். நுரை எந்த இடத்தில் நின்றது, டயரின் அளவு என்ன, ரிம் எப்படி இருக்கிறது என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.